தூணுக்குப் பின்னால் டிக்கெட் எடுக்காதீர்கள்: பழைய தேவாலயத்தில் இசை கேட்கப் போகிறவர்களுக்கு

தேவாலயமாக இருந்து பின்னாளில் இசை அரங்காக மாறிய ஒரு பழைய கட்டடத்தில், டிக்கெட்டைப் பார்த்து ஆட்களை உள்ளே அனுப்பும் தன்னார்வலராக நிற்கிறேன். வாசலில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது கழிவறை எங்கே என்பது. அடுத்தது, "எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்?" முதல் கேள்விக்குக் கையை நீட்டினால் போதும். இரண்டாவதற்குப் பதில் சொல்வதற்குள் பின்னால் வரிசை தெரு வரைக்கும் போய்விடும். அதனால் அதை இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

டிக்கெட் வாங்கும் முன் அந்தக் கட்டடத்தின் உட்புறப் படத்தைத் தேடிப் பாருங்கள். வெளிப்புறத்தை நம்பாதீர்கள். லண்டனில் 1733-இல் எழுந்த செயின்ட் லூக்ஸ் தேவாலயத்தின் கூரையை 1959-இல் கழற்றிவிட்டார்கள். பல்லாண்டு வானம் பார்த்துக் கிடந்த அந்தச் சுவர்களுக்குள் 2003-இல் லண்டன் சிம்பொனி இசைக்குழு குடியேறியது. ஜெர்மனியின் நோய்பிராண்டன்பர்க் நகரத்து மரியன்கிர்ஷே 1945-இல் எரிந்துபோன செங்கல் தேவாலயம். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் பெக்கா சல்மினென் வடிவமைத்த நவீன அரங்கம் 2001 முதல் அதற்குள் இருக்கிறது. வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்து, உள்ளே சத்தம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உட்புறப் படத்தில் கவனிக்க வேண்டியது கூரையை. உயரமான கல் வளைவுக் கூரை என்றால், ஒரு சுரம் நின்ற பிறகும் நான்கைந்து விநாடி காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். சிம்பொனிக்கென்று கட்டிய நல்ல அரங்கில் இது சுமார் இரண்டு விநாடிதான். கல் கூரைக்குக் கீழே சேர்ந்திசை, ஆர்கன் (காற்றடித்துக் குழல்களை ஒலிக்க வைக்கும் பெரிய கருவி), பித்தளைக் குழல்கள் எல்லாம் அற்புதமாக இருக்கும். அந்த மாதிரிப் பாடல்களை எழுதியவர்களே இந்த நீட்சியை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் படிய வேண்டும். அதே இடத்தில் பியானோவில் வேகமான ஒரு பகுதியை வாசித்தால், ஈரத் தாளில் மை ஊறின மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாசிப்பவர் மேல் தப்பில்லை.

இன்னொரு வகை, பிரசங்கம் கேட்பதற்காகவே கட்டிய தேவாலயம். பெட்டி மாதிரி அறை, தட்டையான கூரை, மூன்று பக்கமும் மரத்தாலான பால்கனி. போதகர் பேசும் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. எடின்பரோவின் குவீன்ஸ் ஹால், பிரிஸ்டலின் செயின்ட் ஜார்ஜஸ் இரண்டும் 1820களில் கட்டிய இந்த ரகம். வயலின் வகைக் கருவிகளை நான்கு பேர் வாசிக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட், தனிப் பியானோ, ஒற்றைக் குரல் பாட்டு ஆகியவற்றுக்கு இதை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். ஆக, எந்தக் கலைஞர் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தக் கட்டடத்தில் என்ன இசை என்று பாருங்கள். பெரிய பெயருக்காகப் போய், குழம்பிய சத்தத்தைக் கேட்டு, "எனக்கு இந்த சங்கீதமே புரியவில்லை" என்று திரும்பிப் போகிறவர்களை வாசலில் நிறையப் பார்க்கிறேன்.

இப்போது இருக்கை. முதல் எதிரி தூண். டிக்கெட் விற்கும் பக்கத்தில் "பார்வை மறைக்கும்" என்று போட்டு விலையைக் குறைத்திருப்பார்கள். கண்ணை மூடிக் கேட்பவருக்கு அது நல்ல பேரம். ஆனால் பருத்த கல் தூண் கண்ணை மட்டும் மறைப்பதில்லை. வயலினின் கூர்மையான மேல் ஒலிகள் நேராக உங்களிடம் வந்து சேராமல் மழுங்கிவிடும். இரண்டாவது எதிரி பால்கனிக்கு அடியில் உள்ள பின் வரிசைகள். மேலே சுழலும் ஒலி அங்கே இறங்காது, அடுத்த அறையிலிருந்து கேட்பது போலிருக்கும். அதே பால்கனியின் மேலே, முதல் வரிசையில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். தரை சமதளமாக இருப்பதால் கீழே ஏழெட்டு வரிசை தாண்டினாலே முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். மேலே அந்தத் தொல்லை இல்லை.

கீழேதான் கிடைத்தது என்றால்? எதிரொலி நீளும் கட்டடத்தில் சின்னக் குழுவுக்கு முன்னால் போங்கள். கருவியிலிருந்து நேராக வரும் ஒலி அங்கேதான் எதிரொலியை வெல்லும். சேர்ந்திசைக்கு நடுவே, அல்லது சற்றுப் பின்னால். குரல்கள் ஒன்றாகக் கலந்து வரும், தனி ஒருவரின் மூச்சு சத்தம் காதில் குத்தாது. எண் போடாத இருக்கை என்றால் கதவு திறக்கும்போதே வந்துவிடுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு வந்து நிற்பவர்களுக்கு நான் காட்டக்கூடியது தூண்தான்.

ஆர்கன் நிகழ்ச்சிக்கு வேறு கணக்கு. பல தேவாலயங்களில் ஆர்கன் வாசலுக்கு மேலே, உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். வாசிப்பவரைப் பார்க்கவே முடியாது. சில இடங்களில் திரை வைத்துக் காட்டுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஆர்கல்பார்க் என்ற ஆர்கன் இசை அரங்கு, பழைய பார்க்கெர்க் தேவாலயத்தில் 2007 முதல் நடக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே பல ஆர்கன்கள் இருப்பதால் எது எந்தப் பக்கம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கூட்டம் நிறைந்து அறை சூடேறினால் ஆர்கன் குழல்களின் சுருதி கொஞ்சம் உயரும். எல்லாக் குழல்களும் ஒரே அளவு உயராது. இடைவேளைக்குப் பிறகு லேசாக உறுத்தினால் உங்கள் காது கெட்டுவிடவில்லை.

குளிர். கல் சுவர் அவ்வளவு எளிதில் சூடேறாது, சூடாக்கும் விசிறியின் இரைச்சல் இசையைக் கெடுக்கும் என்று வாசிக்கும்போது அணைத்தும் விடுவார்கள். போர்வை மாதிரி ஒன்று மடியில் இருக்கட்டும். பழைய மர பெஞ்சு என்றால் சின்ன மெத்தையும். உடை விதி என்று எதுவும் கிடையாது. கழிவறைகள் குறைவு, பெரும்பாலும் நிலவறையில், படியிறங்கிப் போக வேண்டும். முதல் பாதி முடிந்ததும் கைதட்டி முடிக்கும் முன்பே ஓடுகிறவர்கள் அனுபவசாலிகள். படி ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். முன்வாசலில் பெரிய படிக்கட்டு இருந்தாலும் பக்கவாட்டில் சாய்தளம் இருக்கக்கூடும்.

கைதட்டல் பற்றி எல்லோருக்கும் பயம். நிகழ்ச்சித் தாளில் ஒரு படைப்புக்குக் கீழே எத்தனை பகுதிகள் என்று போட்டிருக்கும், அத்தனையும் முடிந்த பிறகு தட்டுங்கள். எண்ணிக்கை தவறிவிட்டால் இசைக்குழுவை நடத்துபவரின் கைகள் கீழே இறங்கும் வரை பொறுங்கள். இந்தக் கட்டடங்களில் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். கடைசி சுரத்துக்குப் பிறகு கூரையில் அலையும் அந்த ஒலியும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். முதல் ஆளாகத் தட்டி அதைக் கொல்கிறவரை நான் மனதுக்குள் திட்டுவேன். பாட்டு வரிகள் அச்சிட்ட தாளை நடுவே திருப்பாதீர்கள். கூரை அதையும் விடாமல் பெருக்கிக் காட்டும்.

வழிபாடு நின்றுபோன இடமா, இப்போதும் அவ்வப்போது நடக்கும் இடமா என்று பலகையில் இருக்கும். எப்படியானாலும் யாரும் மண்டியிடவோ வணங்கவோ எதிர்பார்ப்பதில்லை. தரையில் எழுத்துப் பொறித்த கல் தெரிந்தால் அது கல்லறையாக இருக்கலாம், அதன் மேல் பையையும் கோப்பையையும் வைக்க வேண்டாம். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்காகவே போவதென்றால் பகல் நிகழ்ச்சிக்குப் போங்கள், இருட்டிய பிறகு அவை வெறும் கறுப்பு. மாண்ட்ரியாலின் பூர்ஜி ஹால் என்ற தேவாலய அரங்கு 2011-இல் திறந்தது. அங்கே டிஃபனி நிறுவனம் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. மதிய நிகழ்ச்சிகள் பொதுவாக ஒரு மணி நேரத்தில், இடைவேளை இல்லாமல் முடிந்துவிடும் என்பதால் முதல் முறை வருகிறவர்களுக்கும் அதுதான் தோது.

கடைசியாக, இடம் பிடிக்கவில்லை என்றால் முதல் பாதியை அங்கேயே கேட்டுவிட்டு, இடைவேளையில் வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள். காலி இருக்கை இருந்தால் மாற்றிவிடுவோம். முன்வரிசை ஓரங்கள் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும்.