பிரிட்டனின் பொறியியல் பெருமையை நேரில் பார்ப்பது எப்படி

"இந்த நாட்டில் இப்போ யார் எதைச் செய்கிறார்கள், எல்லாம் சீனாவில் இருந்துதானே வருகிறது" என்று பிரிட்டனில் வாழும் நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். கெட்டில், டோஸ்டர் வரைக்கும் அது சரிதான். ஆனால் உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டும் செய்ய முடிகிற கடினமான பாகங்கள் இங்கே இன்றும் தயாராகின்றன. அவை இயந்திரங்களின் உள்ளே ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இது சொந்த நாடு. அந்த நாடு எதில் கெட்டி என்று அவர்களுக்குக் காட்ட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளின் வெளியே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். "இதில் செய்யக் கஷ்டமான பாகம் எது, அதை எங்கே யோசித்தார்கள், எங்கே செய்தார்கள்?" இந்தக் கேள்வியைக் கையில் இருக்கும் போனிடமே கேட்டுப் பாருங்கள். ஐபோனோ ஆண்ட்ராய்டோ, உள்ளே இருக்கும் பிராசஸர் ஆர்ம் என்ற வடிவமைப்பைச் சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இரண்டு பேரை மையமாகக் கொண்ட ஒரு சிறு குழு உருவாக்கியது அது, முதல் சிப் 1985 ஏப்ரலில் ஓடியது. விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் சிப்பை அடைக்க வேண்டும், அதனால் சூடு குறைவாக இருக்க வேண்டும் என்று மிகவும் சிக்கனமாக வடிவமைத்திருந்தார்கள். எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. பார்த்தால் சிப்புக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை, மற்ற கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது! பின்னாளில் பேட்டரியில் ஓடும் போன்களுக்கு இந்தச் சிக்கனம்தான் கைகொடுத்தது. ஆர்ம் சிப்பைத் தானே தயாரித்து விற்கும் கம்பெனியாக வளரவில்லை, வடிவமைப்பை உலகம் முழுக்க உரிமம் கொடுத்தே வளர்ந்தது.

பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் போர்டுச் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் சீனாவில் செய்தார்கள், அதே வருடம் தயாரிப்பைத் தெற்கு வேல்ஸில் பென்கோட் என்ற ஊரில் இருக்கும் சோனி தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். போர்டைத் திருப்பி, எங்கே செய்தது என்று அச்சடித்திருப்பதைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது விமானம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இருக்கைக்கு முன்னால் செருகியிருக்கும் பாதுகாப்பு அட்டையை எடுத்து, எந்த மாடல் விமானம் என்று பாருங்கள். ஏர்பஸ் ஏ330 அல்லது ஏ350 என்றால் அதன் இறக்கைகளைப் பொருத்தியது வடக்கு வேல்ஸில் பிராட்டன் தொழிற்சாலை. போர்க்காலத்தில் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் செய்த அதே இடம். ஜன்னல் வழியாக என்ஜின் உறையில் இரண்டு ஆர் எழுத்துகள் தெரிந்தால் அது ரோல்ஸ்-ராய்ஸ். கொழும்புக்குப் பறக்கும் ஸ்ரீலங்கன் ஏ330 விமானங்களில் இருப்பவை ரோல்ஸ்-ராய்ஸ் டிரென்ட் 700 என்ஜின்கள். ஏ350-இல் டிரென்ட் எக்ஸ்டபிள்யூபி. டிரென்ட் என்பது இங்கிலாந்தில் ஓடும் ஒரு ஆறு, ஜெட் என்ஜின்களுக்கு ஆற்றுப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம்.

அந்த என்ஜினில் கஷ்டமான பாகம் எது? உள்ளே கையடக்கமாக இருக்கும் டர்பைன் பிளேடுகள். அவற்றைச் சுற்றி ஓடும் வாயுவின் சூடு, அவை செய்யப்பட்ட நிக்கல் உலோகக்கலவை உருகும் சூட்டைவிட அதிகம். உருகாமல் இருப்பதற்குக் காரணம், பிளேடுக்குள் காற்று ஓட நுண்ணிய வழிகள் வைத்து, மேற்பரப்பில் சின்னச் சின்னத் துளைகள் வழியாக அதை வெளியே விட்டு, பிளேடைச் சுற்றி ஒரு காற்றுப் போர்வை போர்த்துகிறார்கள். இது போதாது என்று, பிளேடு முழுவதையும் ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். சாதாரண உலோகத்தில் ஆயிரக்கணக்கான படிகங்கள் ஒட்டியிருக்கும், சூட்டிலும் இழுவிசையிலும் அந்த ஒட்டு இடங்கள்தான் முதலில் நெகிழும். அதனால் அச்சின் அடியில் ஒரு சுருள் பாதை வைத்து, ஒரே ஒரு படிகம் மட்டும் அதைத் தாண்டி மேலே வரும்படி செய்து, உலையிலிருந்து அச்சை மெதுவாக இறக்கி வளரவிடுகிறார்கள். ரோதரமில் இதற்கென்றே ஒரு வார்ப்பாலை இருக்கிறது.

இதை நேரில் உணர டெர்பிக்குப் போங்கள். அங்கே மியூசியம் ஆஃப் மேக்கிங் என்ற அருங்காட்சியகம் 2021-இல் திறந்தது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே டிரென்ட் 1000 என்ஜின் ஒன்று முழுசாகத் தொங்கும். கட்டடம் நிற்கும் இடம் 1721-இல் பட்டு ஆலை இருந்த இடம், உலகின் ஆரம்பகாலத் தொழிற்சாலைகளில் ஒன்று. போவதற்கு முன்னால் ஒரு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். டிரென்டுக்கு முன்னோடியான ஆர்பி211 என்ஜினைச் செய்யப்போய் 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் திவாலானது. காற்றை உள்ளிழுக்கும் முன்பக்க விசிறிக்குக் கார்பன் ஃபைபர் பிளேடு போட்டார்கள், பறவை மோதும் சோதனையில் அது தாங்கவில்லை, டைட்டானியத்துக்கு மாறினார்கள், செலவு எகிறியது. அரசாங்கம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்றிருந்த ஸ்டான்லி ஹூக்கர் திரும்பி வந்து வேலையை முடித்துக் கொடுத்தார். என்ஜினின் உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகத் தனித்தனியே சுழலும் மூன்று தண்டுகள் என்று அன்று பிடிவாதமாகப் பிடித்த அதே யோசனையின் வழியில்தான் இன்றைய டிரென்ட் என்ஜின்கள் எல்லாம் வருகின்றன. பெருமைப்பட இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் பலருக்குத் தெரியாத ஒரு கம்பெனி, ரெனிஷா. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், பாகங்களைத் தொட்டு அளக்கும் சி.எம்.எம். மெஷினில் சிவப்பு முனை வைத்த ப்ரோப் (தொடும் கருவி) என்றால் உடனே புரியும். 1972-இல், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்தின் ஒலிம்பஸ் என்ஜினுக்கான எரிபொருள் குழாய்களைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது, கெட்டியான முனையால் தொட்டால் குழாய் வளைந்து அளவு தப்பியது. ரோல்ஸ்-ராய்ஸில் இருந்த டேவிட் மக்மர்ட்ரி ஒரு முனையை மூன்று தாங்கிகளில் ஸ்பிரிங்கோடு உட்கார வைத்தார். எதையாவது லேசாகத் தொட்டதும் உள்ளே மின் தொடர்பு விடுபடும், அந்தக் கணத்தில் மெஷின் தன் இடத்தைக் குறித்துக்கொள்ளும், விலகியதும் முனை மிகத் துல்லியமாகப் பழைய இடத்திலேயே வந்து உட்காரும். அடுத்த வருடம் ஜான் டியருடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். குளோஸ்டர்ஷையரில் ஒரு கிராமப்பக்கத்தில் இருந்து கிளம்பிய இந்தச் சின்னக் கருவியை நம்பித்தான் உலகம் முழுக்க எத்தனையோ பட்டறைகளில் பாகங்களை அளக்கிறார்கள்.

அந்தக் கான்கார்டையே பார்க்க பிரிஸ்டல் போகலாம். 2003 நவம்பர் 26 அன்று கடைசியாகப் பறந்து ஃபில்டனில் இறங்கிய ஆல்ஃபா ஃபாக்ஸ்ட்ராட் என்ற கான்கார்ட், ஏரோஸ்பேஸ் பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, உள்ளே ஏறிப் பார்க்கலாம். இது பிரான்ஸுடன் பாதிப் பாதி பகிர்ந்து செய்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், பெருமையை ஏன் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ள வேண்டும்? ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அதே ஊரில் பொறியாளர் புருனெலின் எஸ்எஸ் கிரேட் பிரிட்டன் கப்பல், அதைக் கட்டி 1843-இல் மிதக்கவிட்ட அதே உலர்துறையில் இருக்கிறது.

ஓடும் தொழிற்சாலையையே பார்க்க வேண்டும் என்றால் ஆக்ஸ்ஃபோர்டில் மினி கார் ஆலைக்குச் சுற்றுலா உண்டு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், குழந்தைகளுக்கு வயது வரம்பு இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள், மூடிய ஷூ போடுங்கள், படம் எடுக்க விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் நாட்களில் இங்கிலாந்து முழுக்கச் சாதாரணமாகத் திறக்காத பல இடங்கள் இலவசமாகத் திறக்கும், உங்கள் ஊர்ப் பட்டியலை ஆகஸ்டிலேயே பார்த்து வையுங்கள்.

மினி ஜெர்மன்காரர்களுடையது, ஜாகுவார் லேண்ட் ரோவர் 2008 முதல் டாட்டாவுடையது, ஆர்மில் பெரும்பங்கு ஜப்பானின் சாஃப்ட்பேங்கிடம், அப்புறம் என்ன பிரிட்டிஷ் பெருமை என்று யாராவது கேட்பார்கள். பங்குப் பத்திரம் எந்த நாட்டில் இருந்தாலும், வேலை தெரிந்த கைகளும் அந்தக் கைகளைப் பழக்குகிற ஊரும் இங்கேதான் இருக்கின்றன. மேற்கு லண்டன் கிரீன்ஃபோர்டில் பிராம்ப்டன் மடக்கு சைக்கிளின் சட்டத்தைக் கையால் பற்றவைக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தனி முத்திரையைச் சட்டத்தில் பதிக்கிறார்கள். சாலையில் அந்த சைக்கிளைப் பார்த்தால் குனிந்து தேடுங்கள்.

அருங்காட்சியகங்களில் விளக்கம் சொல்ல நிற்கும் தன்னார்வலர்களில் நிறையப் பேர் ஓய்வு பெற்ற பொறியாளர்கள். "இது என்ன?" என்று கேட்டால் பலகையில் இருப்பதைச் சொல்வார்கள். "இதில் உங்களை ரொம்பப் படுத்தியது எது?" என்று கேளுங்கள், அரை மணி நேரம் நகர விடமாட்டார்கள்.

பிள்ளைக்கு 15, 16 வயது ஆகி இதிலெல்லாம் கண் மின்னுகிறது என்றால், மருத்துவமும் கணக்கியலும்தான் படிப்பு என்று தயவுசெய்து அடக்கிவிடாதீர்கள். ரோல்ஸ்-ராய்ஸ், ஏர்பஸ் போன்ற இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்கும் அப்ரென்டிஸ் ஆகச் சேரலாம், பட்டத்தோடு சேர்ந்த பயிற்சியும் உண்டு, கல்லூரிக் கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் வரும். அடுத்த வருடச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே திறந்து, இடம் நிரம்பியதும் மூடிவிடுகின்றன, அதனால் செப்டம்பரில் இருந்தே அவர்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்க்கத் தொடங்குங்கள்.