காபி இலை பழுப்பதற்குள்: குரோமட்டோகிராபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் பறித்த காபி இலைகளை ஒரு மாணவி பிளாஸ்டிக் பையில் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலம் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள். பையைப் பிரித்தபோது உள்ளே நீர் கோத்திருந்தது. கசங்கிய இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபி முறையில் அவள் அளக்க நினைத்தது, காபி இலையில் இயல்பாகவே உள்ள குளோரோஜெனிக் அமிலம். அதில் ஒரு பங்கு அந்தப் பழுப்பாக மாறிவிட்டிருந்தது. இலை நசுங்கினால் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி அந்த அமிலத்தைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. எத்தனை இலட்ச ரூபாய்க் கருவியானாலும் போனதை மீட்டுத் தராது.

உயிரணுக்களின் வேதிமாற்றங்களில் உண்டாகும் வளர்சிதைமாற்றப் பொருள்களை ஆராய்வோர் செய்யும் தவறுகளில் இதுவே தலையாயது என்பேன். பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது. சுவாசித்துச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. இரத்தமும் அப்படித்தான். அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சேலத்து வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். ஆகவே செடியடியிலேயே இலையைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்துங்கள். இல்லையென்றால் உலர்பனிப் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) பொடியில் புதையுங்கள். காலையில் சில செடிகள், மாலையில் சில செடிகள் என்று பறிக்காதீர்கள். ஒரே நேரத்தில், கிளை நுனியிலிருந்து ஒரே வரிசை இலையை எடுங்கள். பிறகு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்; ஒரே குப்பியை உருக்கி உறையவைத்துக்கொண்டே இருந்தால் மாதிரி கெடும்.

கருவிக்குள் கலவையைப் பிரிக்கும் குழாயான நிரலைத் தேர்வதிலும் சறுக்குகிறார்கள். நீரில் அவ்வளவாக ஒட்டாத பொருள்களைப் பிடித்துவைக்கும் சி18 நிரல் காஃபீனுக்கும் குளோரோஜெனிக் அமிலத்துக்கும் பொருந்தும். சர்க்கரைகள் அதில் தங்காமல் முதலிலேயே வெளியேறிவிடும். அவற்றுக்கு, நீரை விரும்பும் பொருள்களைப் பிடித்துவைக்கும் ஹிலிக் நிரல் வேண்டும்.

நிழல் மரத்தடிச் செடிகளின் மாதிரிகளை முதலில் கருவியில் ஓட்டி, வெயில் செடிகளைப் பிறகு ஓட்டினால், இடையில் கருவி தளர்ந்ததே இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகத் தெரியும். வரிசையைக் கலைத்துப்போடுங்கள். எல்லா மாதிரியிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்த பொது மாதிரியை நடுநடுவே ஓட்டுங்கள். கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள்) பிடிபடும்.

நிறைமானி காட்டும் மூலக்கூறு நிறையை மட்டும் பார்த்துப் பொருளுக்குப் பெயர் சூட்டுவது இன்னொரு பிழை. குளோரோஜெனிக் அமிலத்துக்கு 354 என்ற அதே மூலக்கூறு நிறையுள்ள உடன்பிறப்புகள் காபியிலேயே இருக்கின்றன. தூய பொருளை அதே நிரலில், அதே நாளில் ஓட்டி, வெளிவரும் நேரமும் நிறைமானியில் மூலக்கூறு உடைந்த துண்டுகளும் ஒத்துப்போன பிறகே வரைபடத்தில் எழும் முகட்டுக்குப் பெயர் எழுதுங்கள்.