பாழான முடியை வெட்டி வெட்டி வளர்ப்பது எப்படி? பொறுமைக்கு ஒரு கணக்கு

அக்கா கல்யாணத்துக்கு ஒரு தடவை. ஒன்றரை வருஷம் கழித்து ஆபீஸ் தோழியின் கல்யாணத்துக்கு இன்னொரு தடவை. ஆக இரண்டு முறை ரீபாண்டிங், அதாவது கிரீமும் அயர்னும் போட்டு முடியை நேராக்குவது, செய்துகொண்டேன். இரண்டாம் முறை, ஏற்கெனவே நேராக்கிய முடி மேலேயே மறுபடியும் கிரீமைத் தடவிவிட்டார்கள். புதிதாக வளர்ந்த வேர்ப்பக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. இரண்டே மாதத்தில் பின்னல் எலிவால் ஆகிவிட்டது. தீபாவளிக்கு வந்த அத்தை ஜடையைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன்டி, தேங்கா நாரு மாதிரி இருக்கு" என்றார்.

அந்தப் பழைய முடியில் ஒரு இழைகூட இன்று என் தலையில் இல்லை. முழுசாகப் போக 33 மாதம் ஆனது. அந்த 33 மாதமும் நான் செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். கலரிங், பிளீச், தினசரி அயர்னிங் என்று வேறு எதனால் முடி கெட்டிருந்தாலும் இதே வழிதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டைத் தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை, நகம் மாதிரி. ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டு வீட்டுக் கூரை போல அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கும். ரீபாண்டிங் கிரீம் முடிக்கு உள்ளே இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. அயர்ன் முடியை நேராக்குகிறது, அடுத்துப் போடும் திரவம் பிணைப்புகளைத் திரும்பக் கட்டுகிறது. ஆனால் உடைந்ததெல்லாம் திரும்பக் கட்டப்படுவதில்லை, மேலே இருந்த ஓடுகளும் பெயர்ந்துபோகின்றன. சீரமும் மாஸ்க்கும் பெயர்ந்த கூரை மேல் தார்ப்பாய் போடுகிற வேலையைச் செய்யும். அதுவும் தேவைதான், ஆனால் ஓடு திரும்ப முளைக்காது. கெட்ட முடி போக ஒரே வழி வெட்டுவதுதான். எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி.

படி 1: கொட்டுகிறதா, உடைகிறதா?

தலை சீவும்போது கீழே ஒரு வெள்ளை வேட்டியையோ பேப்பரையோ விரித்துக்கொள்ளுங்கள். விழுந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். முழு நீளத்தில், ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகை விடச் சின்னதாக ஒரு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது எல்லோருக்கும் உண்டு. குட்டைக் குட்டையாக, இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல் இருந்தால் அது நடுவில் உடைந்தது. எனக்கு வேட்டி முழுக்க இரண்டு அங்குலத் துண்டுகள்தான்.

குமிழோடு கொத்துக் கொத்தாக வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அவ்வளவாக உதவாது. டெங்கு, பிரசவம், பட்டினி டயட் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டும், பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள், இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்வார். முடி வளர என்று பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை சாப்பிட்டால், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முதல் மாரடைப்புப் பரிசோதனை வரை முடிவுகளை அது தப்பாகக் காட்டிவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. முடிக்குத்தானே சாப்பிடுகிறோம், இதைப் போய் டாக்டரிடம் சொல்வானேன் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

படி 2: டேப்பை எடுங்கள், கணக்குப் போடுங்கள்

தையல் டேப் போதும். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் ஒரு கொத்தைப் பிரித்து, அங்கிருந்து நுனி வரை அளங்கள். பிறகு அதே கொத்தில் புது முடி எங்கே முடிகிறது என்று பாருங்கள். இயல்பான சுருளோ அலையோ முடிந்து விறைப்பாக ஆகும் இடம் விரலுக்கே தட்டுப்படும். நான் அதற்குக் 'கோடு' என்று பெயர் வைத்திருந்தேன்.

என் கணக்கு இது. மொத்தம் 45 செ.மீ. அதில் புதுசு 4, கெட்டது 41. முதல் வெட்டில் 14 செ.மீ. போனது, தோளைத் தொடும் அளவுக்கு வந்தேன். மிச்சம் 31, அதில் கெட்டது 27.

தலைமுடி மாதத்துக்குச் சராசரியாக 1 முதல் 1.25 செ.மீ. வளரும். 1.2 என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 3.6. ஒவ்வொரு மூன்று மாதமும் 2.5 செ.மீ. வெட்டினால் கெட்டது தீர 11 வெட்டு, அதாவது 33 மாதம். அத்தனை நாளில் நீளத்தில் ஏறியது? தடவைக்கு 1.1 செ.மீ. மட்டும். 31-ல் ஆரம்பித்தவள் 43-ல் வந்து நிற்பேன். முதலில் இருந்த 45-க்குக்கூட வராது!

இதைப் பேப்பரில் பார்த்த அன்று அழுகை வந்தது. ஆனால் பின்னால் என்னைக் காப்பாற்றியதும் இதே கணக்குதான். இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் ஏழெட்டு மாதத்தில் கைவிடக் காரணம், "வளரவே மாட்டேங்குது" என்று நினைப்பது. வளரத்தான் செய்கிறது. மேலே வளர்வதைக் கீழே நாமே வெட்டிக்கொண்டிருக்கிறோம், நீளம் நின்ற இடத்தில்தான் நிற்கும். தெரிந்து நிற்பது ஒரு மாதிரி, தெரியாமல் நிற்பது வேறு மாதிரி.

இவ்வளவு நாள் வேண்டாம் என்றால் முதல் வெட்டை இன்னும் பெரிதாக வெட்டுங்கள். பாப் கட் பிடிக்கும் என்றால் ஒரு வருஷத்தில் வேலை முடிந்தது. ஒரேயடியாக மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பார்கள். பழனியில் மொட்டை போட்டு வந்த பிறகு தடவிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் வெட்டிய முனை மழுங்கலாக இருக்கும். மண்டைக்குள் வேரின் எண்ணிக்கை மாறாது.

படி 3: நாள் குறியுங்கள்

தை 1, சித்திரை 1, ஆடி 1, ஐப்பசி 1. சரியாக மூன்று மூன்று மாத இடைவெளி, எந்த ரிமைண்டரும் வேண்டாம், சுவரில் தினசரி காலண்டர் இருந்தால் போதும். அன்றைக்கு அளப்பது மட்டும்தான். "நல்ல நாளும் அதுவுமா முடிய வெட்டுவாளா ஒருத்தி" என்று அம்மா கத்துவார் என்பதால் வெட்டு அடுத்து வரும் சனிக்கிழமைக்கு.

நடுவில் அளக்கக் கூடாது. வாரா வாரம் அளந்தால் 3 மில்லிமீட்டரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், அது டேப்பில் தெரியாது. ஒரே டீ-சர்ட் போட்டுக்கொண்டு, ஒரே சுவர் முன்னால் முதுகைக் காட்டி ஒரு போட்டோ, ஒரு நோட்டில் இரண்டு எண்கள்: மொத்த நீளம், அதில் கெட்டது. அவ்வளவுதான்.

பார்லரில் "ரெண்டு விரல் வெட்டுங்க" என்று சொல்லாதீர்கள். நான் இரண்டு விரலைப் படுக்கவைத்துக் காட்டினேன். வெட்டியவர் இரண்டு விரலை நிற்கவைத்துப் புரிந்துகொண்டார். 6 செ.மீ. போய்விட்டது. அதற்குப் பிறகு டேப்பைக் கையோடு கொண்டுபோய், வெட்ட வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ரப்பர் பேண்ட் போட்டு, "இதுக்கு மேல வேண்டாம்க்கா" என்று காட்டிவிடுவேன்.

படி 4: தலைக்குக் குளிக்கும் நாள்

வாரத்துக்கு இரண்டு நாள். முந்தின இரவு, அல்லது குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால், தேங்காய் எண்ணெய். தோள் அளவு முடிக்கு இரண்டு தேக்கரண்டி போதும். கோட்டுக்குக் கீழே இருக்கும் கெட்ட முடிக்குத்தான் முதலில், மண்டைக்கு மிச்சம் மீதி. நம் வீட்டில் எல்லாம் தலைகீழாகத்தான் செய்வோம், உச்சியில் ஊற்றித் தேய்த்துவிட்டு நுனியை மறந்துவிடுவோம்.

ஏன் தேங்காய் எண்ணெய்? 2003-ல் வந்த ஓர் இந்திய ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதில் இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, அதனால் முடிக்குள்ளே இறங்க முடிகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது வேலை செய்தது. பாட்டியும் அதையேதான் சொன்னார், அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

ஷாம்பூவை ஒரு மக்கில் கரைத்து மண்டையில் மட்டும் தேயுங்கள். நுனிக்கு, வழிந்து இறங்கும் நுரையே போதும். சீயக்காய்த் தூள் நல்ல முடிக்குச் சரி, செதில் பெயர்ந்த முடியில் அந்தத் தூள் உரசிச் சிக்கு போட்டுவிடுகிறது. நான் மூன்று வருஷம் நிறுத்திவைத்திருந்தேன். கண்டிஷனர் கோட்டுக்குக் கீழே, மூன்று நிமிடம். கண்டிஷனர் தீர்ந்த நாட்களில் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பு கைகொடுத்தது. முட்டை வேண்டாம், அதன் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது, நாற்றம் மட்டும் உள்ளே போகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி இரண்டு மக் மட்டும் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள்.

துவட்ட ஈரிழைத் துண்டு. தலையில் சுற்றி முறுக்கிக் கட்டி, பிறகு 'பட் பட்' என்று அடித்து உதறுவோமே, அதை நிறுத்தவே எனக்கு ஆறு மாதம் ஆனது. ஒற்றி எடுங்கள், போதும்.

படி 5: சிக்கு எடுப்பது

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. மேலே வலுவான சொந்த முடி, கீழே பலவீனமான பழைய முடி, நடுவில் கோடு. சீப்பு இழுக்கும் இழுப்பு அத்தனையும் அந்தக் கோட்டில் வந்து விழும், முடி அங்கேதான் உடையும். ஈரமான முடி ரப்பர் போல நீளும், கெட்ட முடி அப்படி நீண்டால் திரும்பிச் சுருங்காது, அறுந்துவிடும். ஆகவே முக்கால்வாசி காய்ந்த பிறகுதான் சீப்பு.

முடியை நான்காகப் பிரித்து மூன்றைக் கிளிப்பில் மாட்டுங்கள். நான்காவதை இடது கையால், கோட்டுக்கு மேலே, இறுக்கிப் பிடியுங்கள். இழுப்பெல்லாம் உங்கள் விரலோடு நிற்க வேண்டும், கோட்டுக்குப் போகக் கூடாது. பெரிய பல் சீப்பால் கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் சீவுங்கள். அது வழுக்கினால் இன்னும் இரண்டு அங்குலம் மேலே. முடிச்சு தட்டினால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, முடிச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொலுசுச் சங்கிலியின் சிக்கை எடுப்பது போல விரல் நகத்தால் ஒவ்வொரு இழையாக வெளியே இழுங்கள். முதல் மாதம் எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. காலை ஏழரை பஸ்ஸுக்கு ஓடும் நாளில் இது நடக்காது, அதனால் தலைக்குக் குளிப்பதையே மாலைக்கு மாற்றிவிட்டேன். அவசரமாக ஒரே ஒரு நாள் உச்சியிலிருந்து வறட்டென்று சீவியதில், சீப்பில் வந்தது ஒரு வாரத்து உடைசல்.

படி 6: இரவு, பின்னல்

தளர்வான ஒற்றைப் பின்னல். நுனியில் ரப்பர் பேண்டுக்குப் பதில் பழைய பிளவுஸ் துணியில் கிழித்த நாடா. தலையணை மேல் வழவழப்பான சாட்டின் துணி, தையல்காரரிடம் லைனிங் துணியே கிடைக்கும். பகலில் இறுக்கி இழுத்துக் கட்டும் குதிரைவால் வேண்டவே வேண்டாம், நாளாவட்டத்தில் நெற்றி ஓரத்து முடியே போய்விடும்.

படி 7: எட்டாம் மாதம்

மேலே பதிமூன்று செ.மீ. பம்மென்று சொந்தச் சுருள், கீழே ஒட்டினாற்போல நேர் முடி. குடையில் குஞ்சம் கட்டியது மாதிரி. இதிலிருந்து ஏறக்குறைய பதினைந்தாம் மாதம் வரைதான் ரொம்பச் சோதனை. விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒருவர், "ஒரே ஒரு தடவை கெரட்டின் பண்ணிக்கோயேன்" என்பார். கெரட்டின் என்ற பெயரில் செய்யும் சில சிகிச்சைகளில், சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும், கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான். அப்புறம் அயர்ன் சூடு வேறு. ஒரு நாள் நான் நம்பரைத் தேடி, டயல் பண்ணி, எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன்: கெட்டது 27-லிருந்து 22-க்கு வந்திருந்தது. போனைத் தூக்கிப் போட்டதற்கு அந்த 22-தான் காரணம்.

அந்த மாதங்களுக்கு ஒரு வித்தை உண்டு. முக்கால்வாசி காய்ந்த முடியை இரண்டு பின்னலாகப் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு அவிழுங்கள். கீழ்ப்பாதிக்கும் அலை வந்துவிடும், இரண்டு விதம் என்பது கூர்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்குக் கொண்டை, அதைச் சுற்றிப் பூ. குண்டு மல்லி நான்கு முழம் வைத்தால் உள்ளே எந்த முடி இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

படி 8: கடைசி வெட்டு

கெட்டது 2 செ.மீ. என்று வரும்போது கோடு எங்கே என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். தலைக்குக் குளித்து, எதுவும் தடவாமல், சீவாமல் காயவிடுங்கள். நேராக நிற்கும் நுனிகள் தனியாகத் தெரியும். காய்ந்த முடியிலேயே வெட்டச் சொல்லுங்கள், ஈரத்தில் சுருள் நீண்டு ஏமாற்றும். முன்பக்க முடியில் கோடு வேறு உயரத்தில் இருக்கலாம், அதைத் தனியாகப் பாருங்கள்.

என்னுடையது ஆடியில் முடிந்தது. பார்லர் அக்கா கீழே விழுந்ததைக் கூட்டிக்கொண்டே, "இதுக்குத்தான் இத்தன நாளா வந்தியா?" என்றார். வீட்டுக்கு வந்து சுழியிலிருந்து அளந்தேன். நோட்டில் முதல் எண் 42, இரண்டாவது எண் 0. அத்தையிடம் ஜடையைக் காட்டினேன். "வளரவே இல்லையேடி" என்றார். அடுத்த அளவு ஐப்பசி 1.