‘நிர்வாகம் பொறுப்பல்ல’ போர்டு காப்பாற்றாது

கல்யாண மண்டபம், ஹாஸ்டல், வணிக வளாகம் என்று எங்கே போனாலும் ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்றொரு போர்டு தொங்கும். இடத்துக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, அதை நம்புவதுதான். படி உடைந்திருப்பது தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு, போர்டைக் காட்டித் தப்ப முடியாது. டெல்லி ஹோட்டல் ஒன்றில் பார்க்கிங்குக்குக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: நஷ்டம் கார்க்காரருடையது என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும், ஹோட்டல் தரப்பில் அலட்சியம் இருந்தால் ஹோட்டல்தான் பதில் சொல்ல வேண்டும். காருக்கே இப்படியென்றால், காலை உடைத்துக்கொண்ட ஆளுக்கு?

“கோளாறு எங்களுடையது இல்லை” என்பதும் எடுபடாது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். தீப்பிடித்தது மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில். ஆனால் பால்கனியில் கூடுதல் சீட்டு போட்டு, வெளியேறும் வழியை அடைத்து வைத்திருந்தது தியேட்டர். 2011-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டில் 85 சதவீதத்தைத் தியேட்டர் தலையில்தான் கட்டியது, மின்வாரியத்துக்கு 15.

வாடகைக்கு விட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. குடித்தனக்காரர் போர்ஷனுக்குள் நடப்பது வேறு. எல்லோரும் ஏறி இறங்கும் மாடிப்படி, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி மூடி ஆகியவை பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கும்.

கட்டடத்தை இடிக்கும்போதோ பழுது பார்க்கும்போதோ “மேஸ்திரி பார்த்துக்கொள்வார்” என்று ஒதுங்குவதும் ஆபத்து. சுவர் சரிந்து ஆள்மேல் விழாதபடி ஏற்பாடு செய்யத் தவறினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. உயிர் போனால் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை.

கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பி மூட வேண்டும் என்பது 2010-லேயே வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை விழுந்தது 2019-இல்.

விபத்து நடந்த பிறகு செய்யும் தவறுகள் தனி ரகம். அன்று ராத்திரியே உடைந்த படியைப் பூசி, சிசிடிவி பதிவை அழித்தால், தடயத்தை மறைத்ததாகத் தனி வழக்கே வரலாம். முதலில் ஆளை ஆஸ்பத்திரியில் சேருங்கள். இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் உடனே தெரிவியுங்கள். கட்டிலில் கிடப்பவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது அசிங்கம், கோர்ட்டிலும் நிற்காது. அடிபட்டவர் இறந்துவிட்டால், 1855-ஆம் ஆண்டு மரண விபத்துகள் சட்டப்படி குடும்பத்தார் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆறு மாதமாகச் சத்தமே இல்லை என்று காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.