வேலியோரக் கோப்பியும் பல நாட்டுக் கைப்பக்குவமும்

பண்டாரவளைப் பக்கத்தில் எங்கள் வீட்டு வேலியோரம் நான்கு கோப்பி மரங்கள் நிற்கின்றன. யாரும் உரம் போட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. நல்ல மழை பெய்த சில நாட்களுக்குப் பிறகு, ஒரு காலையில் கதவைத் திறந்தால் கிளையெல்லாம் வெள்ளைப் பூ. முற்றம் முழுக்க மல்லிகை வாசம். பழம் சிவந்ததும் அணில் தின்கிறது, மீதி உதிர்ந்து மண்ணோடு போகிறது. அதே வீட்டில் விருந்தாளி வந்தால் கடையில் வாங்கிய உடனடிக் கோப்பிப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். மலையகத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் இந்த வீணடிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் முன்னோர் மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, சுற்றியிருந்த மலைகளெல்லாம் கோப்பிதான். 1869 இல் இலைத்துரு நோய் கண்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படியும், பிறகு இலை கொட்டும், மரம் மொட்டையாகும். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாகிவிட்டன. வேலியோரம் தப்பிப் பிழைத்த மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது.

கோப்பி போட இயந்திரம் எதுவும் வேண்டாம். எந்த நாட்டு முறையை எடுத்தாலும் ஒரே கேள்விதான்: பொடியின் சாரம் தண்ணீரில் இறங்கிய பிறகு சக்கையை எப்படிப் பிரிப்பது? சிலர் அடியில் படிய விடுகிறார்கள், சிலர் வடிகட்டுகிறார்கள், இத்தாலியர் நீராவியின் அழுத்தத்தால் தண்ணீரைப் பொடிக்குள் தள்ளுகிறார்கள். பொடியின் பருமன், தண்ணீரின் சூடு, ஊறும் நேரம் ஆகிய மூன்றும் அந்தந்த முறைக்கேற்ப மாறும், அவ்வளவுதான்.

முதலில் வறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. கெட்டுப்போன வறுவலை எந்த நாட்டுப் பாத்திரமும் காப்பாற்றாது.

1. முழுவதும் சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். பச்சைக்காய் ஒரு பிடி கலந்தாலும் கோப்பியில் பச்சை நெடி அடிக்கும்.

2. சாக்கிலோ பாயிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காய வையுங்கள். நம் ஊர் மூடுபனி ஈரத்தை விடாது. பிற்பகலில் உள்ளே எடுத்துவிட வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஆட வேண்டும்.

3. உரலில் இட்டு மெதுவாகக் குத்தித் தோலை நீக்கி, சுளகில் புடைத்தெடுங்கள். ஓங்கிக் குத்தினால் விதை உடையும். உடைந்த துண்டு வறுக்கும்போது முதலில் கருகும்.

4. அடிகனத்த இரும்புச் சட்டியைச் சூடாக்கி, ஒரு தடவைக்கு 250 கிராம் மட்டும் போடுங்கள். நடுத்தரத் தீ. கை ஓயாமல் கிளற வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும்.

5. விதை முதலில் மஞ்சளாகும், வைக்கோல் வாசம் அடிக்கும். பிறகு பழுப்பாகும். ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கும். இதுதான் நீங்கள் காத்திருந்த அடையாளம். அந்தச் சத்தம் அடங்கி இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கினால் பெரும்பாலான முறைகளுக்குச் சரியான பதம்.

6. இறக்கியதும் சுளகில் கொட்டி விசிறுங்கள். சட்டியிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கருகிக்கொண்டு போகும்.

7. ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு போத்தலில் அடையுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் பொடியாக்குங்கள்.

என் அப்பாயி விதை கரியாகும்வரை வறுப்பார். கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்தே வறுத்து இடிப்பார். சளிக்கு அது மருந்து, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோப்பியின் சொந்த ருசியை அறிய விரும்புபவர்கள் கொத்தமல்லியைத் தனியாக வறுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிய விடும் முறை: நம் வீட்டிலும் ஜாவாவிலும்

புதிதாகத் தொடங்குபவர் இதில் தொடங்கலாம். கோப்பையில் இரண்டு மட்டமான மேசைக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம், நைசான பொடி. விரும்பினால் சீனி. கேத்தலில் கொதித்த தண்ணீர் 150 மில்லிலீட்டர் ஊற்றி ஒருமுறை கலக்கி, நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். பொடி கீழே இறங்கிவிடும். கடைசி இரண்டு வாயைக் கோப்பையிலேயே விட்டுவிட வேண்டும்.

இந்தோனேசியாவில் இதையே 'கோப்பி துப்ருக்' என்கிறார்கள். பெயர்கூட நம் கோப்பிதான்! அங்கேயும் வடிகட்டி கிடையாது, அங்கேயும் பொறுமைதான் வடிகட்டி.

துருக்கி: நுரைக்குக் காவல்

துருக்கியர் பயன்படுத்தும் 'ஜெஸ்வே' என்பது நீளக் கைப்பிடியும் குறுகிய வாயும் கொண்ட சிறு செம்புப் பாத்திரம். நம் வீட்டில் பால் காய்ச்சும் மிகச் சிறிய கைபிடிப் பாத்திரம் போதும்.

பொடி மாவுபோல் இருக்க வேண்டும். கடைப்பொடியானால் அரிதட்டில் சலித்து, கீழே விழுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கோப்பைக்கு 65 மில்லிலீட்டர் பச்சைத் தண்ணீர், 7 கிராம் பொடி. சீனி வேண்டுமானால் இப்போதே போட வேண்டும். பிறகு போட்டுக் கலக்கினால் படிந்த பொடியும் நுரையும் கலைந்துவிடும். எல்லாவற்றையும் நன்றாகக் கலக்கி மிகச் சிறு தீயில் வையுங்கள். அதன்பின் கரண்டியைத் தொடாதீர்கள்.

இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரத்திலிருந்து நுரை திரண்டு நடுவை நோக்கி எழும்பும். பால் பொங்கும்போது எப்படிக் கண் கொட்டாமல் நிற்பீர்களோ, அப்படி நில்லுங்கள். கொதி வந்தால் நுரை உடைந்துவிடும். எழும்பிய நொடியில் இறக்கி, நுரையைக் கரண்டியால் கோப்பைக்கு எடுத்து விட்டு, பாத்திரத்தை இன்னொரு முறை நுரை எழும்பவிட்டு மீதியை ஊற்றுங்கள். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைப்பது அவர்கள் வழக்கம். இந்தப் பண்பாட்டை 2013 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சவூதி: சின்னம்மா கொண்டுவந்த கஹ்வா

மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போன பெண்கள் ஏராளம். எங்கள் சின்னம்மா ரியாத்தில் பல வருடம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு வந்தார். அவர் கற்றுவந்த கஹ்வாவை முதலில் குடித்தபோது இது கோப்பியே இல்லை என்றேன். நிறம் தேன்போல, வாசம் ஏலக்காய், சீனி துளியும் இல்லை. மூன்றாவது கோப்பையில்தான் புரிந்தது.

1. வெடிச்சத்தம் தொடங்கும்போதே விதையை இறக்கிவிடுங்கள். இளம் பழுப்புதான் பதம்.
2. ரவைபோல் கொரகொரப்பாக உடைத்து, மூன்று மேசைக்கரண்டி எடுத்து, அரை லீட்டர் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள்.
3. சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கட்டும்.
4. ஆறு ஏலக்காயைத் தட்டிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். இருந்தால் ஒரு கராம்பு, இரண்டு இழை குங்குமப்பூ.
5. இறக்கிப் படியவிட்டு, பிளாஸ்கில் வடித்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியில்லாத சிறு கோப்பையில், கால் பங்கு மட்டும் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுப் புறப்படு' என்று பொருளாகிவிடும் என்று சின்னம்மா சொல்வார். இடக்கையால் ஊற்றி வலக்கையால் கொடுக்க வேண்டும். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கோப்பையை மெல்ல ஆட்டினால் போதும். துணைக்குப் பேரீச்சம்பழம். அந்த வீட்டு வேலையின் களைப்புக்கு நடுவே இவ்வளவையும் அவர் உன்னிப்பாகப் பார்த்து மனத்தில் வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

எத்தியோப்பியா: மூன்று சுற்று

அரபிக்கா கோப்பியின் தாய்வீடு இது. அங்கே கோப்பி போடுவது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் உபசாரம். விருந்தினர் முன்னாலேயே பச்சை விதையைக் கழுவி வறுத்து, புகை எழும் சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுபோய்க் காட்டுவார்கள். பிறகு உரலில் இடிப்பார்கள். 'ஜெபெனா' என்ற, நீண்ட கழுத்துள்ள மண்கூஜாவில் தண்ணீரோடு கொதிக்கவைத்து, சற்றுச் சாய்த்துப் படியவிட்டு ஊற்றுவார்கள்.

நம் வீட்டில் ஒரு மூடி போட்ட மண்சட்டி போதும். அரை லீட்டர் தண்ணீர் கொதித்ததும் ஐந்து மேசைக்கரண்டி பொடியைப் போட்டு, ஒருமுறை பொங்கவிட்டு இறக்கி, ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்து ஊற்றுங்கள். இது முதல் சுற்று, 'அபோல்'. அதே சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பது இரண்டாவது, 'தோனா'. மூன்றாவது 'பரக்கா', ஆசி என்று பொருள். மூன்றாவதில் சாரம் குறைவு, ஆனால் அதுவரை இருந்து குடித்துவிட்டுப் போவதுதான் மரியாதை. கொறிக்கச் சோளப்பொரி வைப்பார்கள்.

கூடலூர் வழியாக வந்த பில்டர்

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் தாண்டி இந்தியாவுக்குப் போன நம் உறவுகள் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். எங்கள் பெரியப்பா குடும்பமும் கூடலூரில் இருக்கிறது. ஒருமுறை வந்தபோது அவர்கள் கொண்டுவந்த பித்தளைப் பில்டர்தான் இன்றும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

மேல் பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி பொடி. லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, குடைபோன்ற தட்டை மேலே வையுங்கள், அழுத்த வேண்டாம். கொதித்த தண்ணீரை முதலில் ஒரு சுற்று ஊற்றிப் பொடி நனையவிட்டு, அரை நிமிடம் கழித்து 150 மில்லிலீட்டர் வரை நிரப்பி மூடுங்கள். இருபது நிமிடத்தில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்காவிட்டால் பொடி மிக நைசு. மடமடவென்று இறங்கினால் மிகப் பருமன். ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு காய்ச்சிய பசும்பால். டிகாஷனை மறுபடி அடுப்பில் வைக்கவே கூடாது, கசந்துபோகும். அங்கே சிக்கரி வேரைக் கலப்பார்கள். நிறமும் கட்டியும் கூடும். நான் கலப்பதில்லை, சொந்த மரத்துக் கோப்பியை ஏன் மறைக்க வேண்டும்?

வியட்நாமின் 'ஃபின்' இதற்குத் தம்பி. ஒற்றைக் கோப்பைமேல் உட்காரும் சிறு வடிகட்டி. கோப்பைக்குள் முதலில் இரண்டு மேசைக்கரண்டி டின்பால், மேலே ஃபின், ஐந்து நிமிடம். கடுங்கசப்பான ரொபஸ்டா கோப்பிக்கு டின்பால்தான் பொருத்தம்.

இத்தாலியும் ஜெர்மனியும்

அடுப்பில் வைக்கும் மூன்றடுக்குப் பாத்திரமான மோக்கா பானையை இத்தாலியில் அல்ஃபோன்சோ பியலெத்தி 1933 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடிப்பாத்திரத்தில் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே வரை தண்ணீர். நடுக்கூடையில் பொடி, அழுத்தாமல். இறுக்கித் திருகிச் சிறு தீயில் வையுங்கள். மேலே கோப்பி வந்து 'கொர் கொர்' என்று இரையத் தொடங்கியதும் இறக்குங்கள். வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், இது பாதுகாப்பு விஷயம்.

கடதாசி வடிகட்டியை உருவாக்கியவர் ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ். 1908 இல் மகனின் பாடசாலைக் கொப்பியிலிருந்து ஒற்றுத்தாளைக் கிழித்துத்தான் முதலில் வடித்துப் பார்த்தாராம். கடதாசியை வெந்நீரில் நனைத்து, 15 கிராம் நடுத்தரப் பொடி போட்டு, 240 மில்லிலீட்டர் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி மூன்று நிமிடத்தில் ஊற்றி முடியுங்கள். இந்த முறையை விளக்குபவர்கள் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிடச் சொல்வார்கள். நாம் ஆறவிட வேண்டியதில்லை. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கோப்பிக்கு வேண்டிய சூடு அதுதான். மலை நமக்குத் தானாகச் செய்து தரும் உதவி இது.

மெக்சிகோ: நம் கறுவாவோடு

இலங்கைக் கறுவாவை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் மெக்சிகோவும் ஒன்று. அங்கே அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று கோப்பிப் பானை. நான்கு கோப்பைத் தண்ணீரை மண்சட்டியில் வைத்து, விரல்நீளக் கறுவாப்பட்டை ஒன்றையும் எலுமிச்சம்பழ அளவு வெல்லத்தையும் போடுங்கள். கித்துள் கருப்பட்டி இருந்தால் இன்னும் நல்லது. கரைந்து வாசம் எழுந்ததும் அடுப்பை அணைத்து, ஐந்து மேசைக்கரண்டி கொரகொரப்பான பொடியைத் தூவி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வடித்து, மழைச்சாரல் ஜன்னலில் அடிக்கும் மாலையில், பால் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள்.