விலை கூடிய மடக்குக்கத்தியைச் சோதித்து வாங்கும் முறை

பூட்டு எதுவுமின்றி, முதுகிலுள்ள வில்தகட்டின் அழுத்தத்தால் மட்டுமே அலகு திறந்தும் மூடியும் நிற்பதே மரபான மடக்குக்கத்தி. 1095 என்ற ரகம் போன்ற கார்பன் எஃகு மலிவான கத்திகளிலும் வருவதால், கூடுதல் விலை பெரும்பாலும் பொருத்து வேலைக்கே போகிறது. சோதனையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பலமுறை திறந்து மூடி, மெருகேற்றியபோது உள்ளே தங்கிய தூளைத் துடைத்தெடுங்கள். பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, வில்தகட்டுக்கும் பக்கத் தகடுகளுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். முழுதாகத் திறந்த நிலை, மூடிய நிலை, அரைத்திறப்பில் நிற்கும் வகையாயின் அந்த நிலை ஆகியவற்றில் முதுகை நகத்தால் வருடினால், வில்தகடு மேடு பள்ளமின்றிச் சமமாக இருக்க வேண்டும். அலகின் அடிப்பகுதியைத் துல்லியமாக அராவினால்தான் இது கைகூடும் என்பதால், செய்தவரின் பொறுமையை நான் இங்கேதான் அளக்கிறேன்.

திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. வில் தளர்ந்திருந்தால் அலகு விரல்மீது மடங்கிவிடும். பூட்டில்லாத கத்தியில் இதை எந்த விலைக்கும் ஏற்க வேண்டாம். அலகை நகத்தால் இழுத்துத் திறக்கையில் நகம் பெயரும் அளவுக்கு இறுக்கமும் நல்ல வேலையின் அடையாளமன்று. அலகு தானாகச் சொடுக்கி மூடும்போது அதன் விளிம்பு உள்ளே வில்லில் மோதினால், விளக்கொளியில் விளிம்பின் நடுவே மழுங்கிய புள்ளி மின்னும். மூடிய அலகை நாமே மேலும் அழுத்தி மோதவைத்துவிட்டு அதைக் குறையென்பது நியாயமன்று.

எலும்பு, மான்கொம்பு, மரம் ஆகியவற்றால் ஆன கைப்பிடியில் நிறமும் வரிகளும் இருபுறமும் ஒத்திராதது இயல்பு. ஆணியைச் சுற்றிய மயிரிழை விரிசலோ, ஈரப்பதம் மாறுகையில் இப்பொருள்கள் விரிந்து சுருங்குவதால் நாளடைவில் பெரிதாகக்கூடும். பல அலகுகள் உள்ள கத்தியில் ஒன்றையொன்று லேசாக உரசிய கோடு எனக்குப் பொருட்டில்லை. வெட்டும் விளிம்பே உரசினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கூர்மை குறைவாக இருப்பதைச் சாணைக்கல்லில் நாமே சரிசெய்துவிடலாம். ஆனால் வைத்துக்கொள்வதென்று முடிவெடுக்கும்வரை தீட்டாதீர்கள். தீட்டிய கத்தியைப் பயன்படுத்தியதாகக் கருதி, விற்றவர் திரும்பப் பெற மறுக்கலாம்.