டர்ன்டேபிள் கிட்: பசையைத் திறக்கும் முன்பே செய்யும் தவறுகள்

மாடல் ரயிலில் இன்ஜினைத் திருப்பிவிடும் சுழலும் பாலம்தான் டர்ன்டேபிள். அதன் கிட் கைக்கு வந்ததும் பாலத்தை ஒட்டி, பெயின்ட் அடித்து, அழகு பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். வேலை கெடுவது அங்கேதான். டர்ன்டேபிள் மக்கர் செய்யும் இடமெல்லாம் பலகைக்கு அடியில் இருக்கிறது. எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகு அங்கே கை நுழையாது.

முதலில் நீளம். இன்ஜினை மட்டும் அளந்து, பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரை மறந்துவிடுகிறார்கள். நம் டபிள்யூபி நீராவி இன்ஜின் டெண்டரோடு ஏறக்குறைய 24 மீட்டர். எச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கில், 27.5 செ.மீ. பெக்கோ கம்பெனியின் 12 அங்குலப் பாலத்தில் அடங்கும். அதைவிடச் சின்னது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் டெண்டர் வெளியே தொங்கும்.

நம் பக்கத்துப் பாதையையே மாடலாகச் செய்கிறவர்களுக்குச் செலவு குறைவு. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரையும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இரண்டரை அடி அகல நேரோகேஜ் ரயில் ஓடிய காலம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை ரயில் இல்லை. அந்த 762 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்தால் 8.76 வரும். ஆகவே 9 மி.மீ. தண்டவாள அகலமுள்ள ‘என்’ (N) ஸ்கேல் டர்ன்டேபிளே போதும்.

அடுத்தது ஓட்டை. தண்டவாளம் எல்லாம் பதித்து முடித்துவிட்டு, மிச்சமுள்ள இடத்தில் குழி வெட்டுவது தலைகீழான வேலை. குழியை முதலில் வைத்து, அதன் மையத்திலிருந்து நூல் பிடித்துப் பாதைகளைக் கோடு போடுங்கள். ஜிக்சாவை எடுக்கும் முன் பலகையைத் திருப்பிப் பாருங்கள்: சட்டம் நேராக மையத்துக்குக் கீழே ஓடினால் மோட்டார் எங்கே உட்காரும்? ஆசாரியிடம் சட்டம் அடிக்கக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். மொட்டைமாடி ஷீட் அறையில் லேஅவுட் வைப்பவர்கள் மரநார்ப் பலகையான எம்டிஎஃப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். ஒரு மழைக்கு ஓரம் ஊதிவிட்டால் வட்டக்குழி வட்டமாக இருக்காது, பாலம் உரசும்.

மட்டமும் இப்போதே பார்க்க வேண்டியது. ‘கோட் (Code) 100’ வகைத் தண்டவாளத்தின் உயரம் 2.54 மி.மீ., ‘கோட் 75’-க்கு 1.9. பாலத்தில் ஒன்றும் வெளியே இன்னொன்றுமாகப் போட்டால் அரை மி.மீ.க்கு மேல் படி விழும். சின்னச் சக்கரம் அங்கே தடுக்கி இறங்கும். வெளிப் பாதைக்குக் கீழே கார்க் போடுவதாக இருந்தால் அந்தக் கனத்தையும் கணக்கில் சேருங்கள்.

மோட்டாரில்தான் அதிகம் ஏமாறுகிறோம். விலை மலிவு என்று பலரும் எடுப்பது 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர், படிப்படியாகச் சுற்றும் மோட்டார். ஒரு சுற்றுக்கு 2048 படி என்பார்கள். 305 மி.மீ. பாலத்தின் முனை ஒரு சுற்றில் 958 மி.மீ. நகரும், வகுத்தால் ஒரு படிக்கு 0.47 மி.மீ. தண்டவாளம் நேருக்கு நேர் சேர இது முரடு. அரைப்படி முறையில் ஓட்டினால் 0.23, பரவாயில்லை. அதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: இந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் கியர் விகிதம் சரியாக 64 கிடையாது, கொஞ்சம் குறைவு. உண்மையில் சுற்றுக்குச் சுமார் 2038 படிதான். புரோகிராமில் 2048 என்று எழுதினால் ஒவ்வொரு சுற்றுக்கும் முனை ஐந்து மி.மீ. அளவுக்குத் தள்ளிப் போய் நிற்கும். காந்தத்தை உணரும் ஹால் சென்சார் ஒன்றும் காந்தம் ஒன்றும் வைத்து, சுற்றுக்கு ஒருமுறை தொடக்கப் புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல்லுக்குப் பல் உள்ள ஆட்டம் தெரியாமல் இருக்க, எந்தப் பாதைக்குப் போனாலும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கட்டும்.

மின்சாரம்: பாலம் அரைச் சுற்றுத் திரும்பினால் அதன் இரண்டு தண்டவாளமும் இடம் மாறும், பிளஸ்ஸும் மைனஸும் முட்டி ஷார்ட் ஆகும். அதற்காகத்தான் பாலத்துக்கு மின்சாரம் கொடுக்கும் தொடர்பு வளையத்தை இரண்டாகப் பிளந்திருக்கிறார்கள். அந்த இடைவெளி எந்தப் பாதைக்கும் நேராக வரக் கூடாது. வந்தால் இன்ஜின் பாலத்திலேயே உயிரில்லாமல் நிற்கும். டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு வைத்திருந்தால், பிளஸ் மைனஸைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர் போட்டுவிடலாம். சாதாரண டிசி என்றால் ஷெட்டின் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு சுவிட்ச் அவசியம். இல்லாவிட்டால் ஒன்றை ஓட்டும்போது நிற்கிற எல்லாமே கிளம்பும். வளையத்தில் எண்ணெய் விடாதீர்கள், தூசி அப்பும்.

கடைசியாக, கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைப் பொடியை ஜல்லியாகத் தூவும் யோசனை. பார்க்க அசல் ஜல்லி மாதிரியே இருக்கும், காசும் இல்லை. ஆனால் பல வாள்கள் சேர்ந்து அறுக்கும் கேங்-சா இயந்திரத்தில் கல்லை அறுக்க இரும்புக் குருணை சேர்க்கிறார்கள். அது பொடியோடு கலந்துவரும். இன்ஜின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்து உள்ளே வாங்கிக்கொள்ளும். பொடியைக் காகிதத்தில் பரப்பி, பாலித்தீன் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். கறுப்பு மீசை முளைக்காத வரை திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு, பிறகு ஃபெவிகால் கலக்குங்கள்.